இரண்டாயிரம் ரூபாய் செயினும் அறுநூறு ரூபாய் செயினும்

மரம் அறுக்கும் டேவிட்ராஜின் பையில், ரம்ப மிஷினில் மாட்டும் பல் செயின்கள் இரண்டு இருந்தன. ஒன்றின் விலை இரண்டாயிரம், மற்றதன் விலை அறுநூறு.

"என் விலைக்கு உன்னை மாதிரி மூணு பேரை வாங்கலாம்," என்று பெரிய செயின் தினமும் பீற்றிக்கொள்ளும்.

"மூணு பேர் வந்தா மூணு மரம் அறுப்போம்ல," என்று சின்னச் செயினும் விடாது.

ஒருநாள் காலை, காற்றில் ஒரு சில்வர் ஓக் மரம் மலைப்பாதைக்குக் குறுக்கே சாய்ந்தது. மாப்பிள்ளை வந்த வேன் அங்கேயே நின்றுவிட்டது. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான்.

மரத்தை இரண்டு இடத்தில் அறுத்தால்தான் நடுத்துண்டை உருட்டிவிட முடியும். டேவிட்ராஜ் பெரிய செயினை மிஷினில் மாட்டினார். அது முதல் வெட்டைப் பத்தே நிமிடத்தில் முடித்தது. இரண்டாவது வெட்டில், யாரோ எப்போதோ அடித்த ஆணியில் மோதிப் பல் மழுங்கிப்போனது.

அதைக் கழற்றிவிட்டுச் சின்னதை எடுத்தார். சின்னது பெரியதைத் திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, உனக்கே இந்தக் கதின்னா நான் எம்மாத்திரம்?"

"பயப்படாதே. அவர் ஆணிக்கு ஒரு சாண் தள்ளித்தான் உன்னை வைக்கிறார். நிதானமா அறு, நீ முடிச்சிருவே," என்றது பெரியது.

சின்னது அரை மணி நேரம் திணறித் திணறி அறுத்தது. நடுத்துண்டு உருண்டது, வழி பிறந்தது. மாப்பிள்ளை இறங்கி ஓடிவந்து மிஷினைத் தட்டிக்கொடுத்தார்.

"என்ன அருமையான மிஷின்ணே!"



"மிஷினாம்ல!" என்றது சின்னது.

பெரியது சிரிக்கத் தொடங்கியது. வீடு போய்ச் சேரும்வரை இரண்டும் சிரித்துக்கொண்டே போயின.