சரிவுத் தலையணையின் பகல் வேலை

நெஞ்செரிச்சலுக்காக டாக்டர் சொல்லி வாங்கிய சரிவுத் தலையணை, முதல் இரவே அவளுக்குக் கல்லாக உறுத்தியது. அதை ஒதுக்கிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்காமல் கிடந்தாள்.

பகலில் அது செருப்புக்கடை வைத்திருந்த அவள் கணவரிடம் சிக்கியது. காபி குடிக்கும்போது முதுகுக்கு, பேப்பர் படிக்கும்போது முழங்காலுக்கு என்று வைத்துக்கொண்டவர், சாப்பிட்டதும் அதன்மேலேயே தொப்பென்று உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

"அது எனக்கு வாங்கினதுங்க! கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?"

"நீதான் வேண்டாம்னுட்டியே. சும்மா கிடக்கிறதுக்குச் சோறா போடறது?"

"அதுக்காக டிவியில விளம்பரம் வர்றப்பெல்லாம் எழுந்து எழுந்து உட்காரணுமா?"

"உடம்புக்கு நல்லதுடி."

ஒரு வாரம் பொறுத்தவள், அன்று ஆத்திரத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் படுத்தாள். கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது.

"ஏங்க, வேற தலையணை வாங்கினீங்களா? இது மெத்துனு இருக்கே!"

"அதேதான். புதுச் செருப்பு கடிச்சா என்ன பண்ணுவோம்? யாராவது நாலு நாள் போட்டு மிதிச்சுப் பழக்கணும்ல?"

அவள் தலையணையை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"நல்லாவே கடிச்சிருச்சு."