காலிக் குழிகள்

“ஒச்சப்பண்ணே, ஏன் பாதிக் குழி காலியாக் கெடக்கு?”

குரங்கணி மலையில், அப்பாவின் ஏலத்தோட்டத்தில் நின்று கேட்டாள் சுகன்யா. கங்காணி ஒச்சப்பன் திருதிருவென விழித்தார்.

“உங்க மேசையில கெடந்த படத்தைப் பாத்துத்தான் நட்டேன் ஆத்தா. கறுப்பு வட்டத்துக்குக் கன்னு, வெள்ளை வட்டத்துக்கு வெறுங்குழி. கறுப்புக்குப் பக்கத்துல கறுப்பே வரல. எனக்கும் ஒண்ணும் வெளங்கலதான். படிச்ச புள்ள போட்டதாச்சேன்னு நட்டுட்டேன்.”

“அண்ணே, அது கன்னு இல்ல, அணு! ஒட்டி உக்காராத அணுக்களை எப்பிடி அடுக்கலாம்னு எண் கோட்பாட்டை வச்சுப் போட்ட ஆராய்ச்சிப் படம். அந்தத் தாள் எங்க?”

“மழையில நனைஞ்சு கூழாப் போச்சு.”

சுகன்யா பையைத் துழாவி நோட்டை எடுத்தாள்.

“வேலைய விட்டு நிப்பாட்டிராதீக ஆத்தா. எல்லாத்தையும் பிடுங்கி வெரசா மாத்தி நட்டுர்றேன்.”

“ஒரு கன்னைத் தொட்டாலும் நிப்பாட்டிருவேன்!” பாறையில் ஏறி உட்கார்ந்து நோட்டை விரித்தாள். “மூணு வருசத்துல தேறினது அந்த ஒரே படம். நாலு மாசமாத் தேடுறேன். நாளைக்குப் பேராசிரியர்கிட்டக் காட்டணும்.”

தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து, வரிசை வரிசையாக வட்டம் போட்டாள். ஒச்சப்பன் தலையைச் சொறிந்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

“ஏழாவது வரிசையில கடைசிக் குழியை வெள்ளைன்னு போட்டுராதீக. அது கறுப்புத்தான். கன்னைக் காட்டுமாடு தின்னுருச்சு.”