அவர் இருக்கும் இடம்

தென்கொரியாவின் பொஹாங் மீன்சந்தையில் கணவாய் விற்கும் சுன்தொக், அறுபத்தெட்டு வயதில் ஞானஸ்நானம் கேட்டுச் சபைக்கு வந்திருந்தாள். மூப்பர் பெக் கேள்வித்தாளைப் பிரித்தார்.

"எதுக்கும்மா ஞானஸ்நானம்?"

"என் வீட்டுக்காரர் பரலோகம் போய் ஒன்பது வருஷமாச்சு. அவர் இருக்கற இடத்துக்கு நானும் போகணும்."

மூப்பர் சிரித்தார். "புருஷனைப் பாக்கறதுக்காகக் கேட்டா அது சுயநலம்மா. இன்னுமா அவ்வளவு பாசம்?"

சுன்தொக் இடது கையை மேசைமேல் வைத்தாள். இரண்டு விரல்கள் கோணியிருந்தன.

"இது அவர் குடிச்சிட்டு வந்து உடைச்சது, அய்யா. சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி ஆஸ்பத்திரியில அழுதாரு. உங்க போதகர் ஞானஸ்நானம் கொடுத்தாரு. அந்த ஆளைச் சேர்த்துக்கற பரலோகம் எனக்கு வேணாம்னு இத்தனை வருஷமா இந்தத் தெருவுலகூட நடக்கல."

மூப்பரின் சிரிப்பு நின்றது. "இப்ப என்ன ஆச்சு?"

"போன மாசம் கண்ணு தெரியாத ஒரு பொம்பளைக்கு முந்தின நாள் கணவாயை அன்னிக்கு வந்ததுன்னு சொல்லி வித்தேன். அவ என் கையைப் பிடிச்சு, 'உங்களை மாதிரி நல்லவங்க யாரு இருக்கா'ன்னா. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரல. அவரு நுழைஞ்ச வாசலை விட்டா எனக்கும் வேற வாசல் இல்லைன்னு அப்பதான் புரிஞ்சது."

மூப்பர் மீதிக் கேள்விகளைக் கேட்காமல் தாளை மடித்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்கம்மா." சற்றுத் தயங்கினார். "அங்க அவரைப் பாத்தா என்ன சொல்லுவீங்க?"

சுன்தொக் யோசித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நானும் வந்துட்டேன்னு சொல்லுவேன்."