குதிரை கடித்த பெஞ்சு

"சத்தியமாச் சொல்றேன் மேடம். நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் இந்தக் கூரை என் தலையிலேயே இடிஞ்சு விழட்டும்" என்றார் ஆம்ப்ரோஸ்.

கூரை பொறுமைசாலி. இரண்டு சொட்டு மழைத்தண்ணீரோடு நிறுத்திக்கொண்டது.

இங்கிலாந்தில் மட்லிஃபோர்ட் கிராமத்து புனித ஆஸ்வால்ட் கோயிலில் ஆம்ப்ரோஸ் நாற்பது வருடமாக உட்காருவது கடைசி பெஞ்சில்தான். காலடியில் வெந்நீர்க் குழாய் கதகதவென்று ஓடும். எதிரே பருத்த தூண். பிரசங்க பீடத்திலிருந்து பார்த்தால் அவர் தெரியமாட்டார். அவருக்கும் பிரசங்கம் அவ்வளவாகக் கேட்காது. நிம்மதியாகத் தூங்க இதைவிட நல்ல இடம் பரலோகத்தில்தான் கிடைக்கும்.

அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. புதிதாக வந்த போதகர் பிலிப்பா, அந்த பெஞ்சைப் பெயர்த்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் டீ போட அங்கே ஒரு சமையல் மேடை கட்ட ஆசைப்பட்டார். பழம்பொருள் என்று தெரிந்தால் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் பேராயர் அலுவலகத்திலிருந்து ஹெஸ்டர் அம்மையார் வந்திருந்தார்.

"இந்த பெஞ்சுக்கு அறுநூறு வயசு மேடம். உள்நாட்டு யுத்தத்தப்ப சிப்பாய்ங்க இங்கதான் குதிரை கட்டினாங்க. இதோ, குதிரை கடிச்ச தழும்பு."

ஹெஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "பல்லு ரொம்பச் சின்னதா இருக்கே?"

"சின்னக் குதிரை. யுத்த காலம், தீனி ஏது?"

பிலிப்பா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். "இருங்க, பெரியவர் சொல்லட்டும்" என்று ஹெஸ்டர் கையமர்த்தினார்.

"அந்தத் தூணு ஏன் சாய்ஞ்சிருக்கு?"

"கட்டினவன் நார்மன் ராஜாக்கள் காலத்துக் கொத்தன். சாப்பாடு வர்ற வரைக்கும் அதுமேலயே சாய்ஞ்சு நிப்பானாம். எட்டு வருஷ வேலை. தினமும் சாப்பாடு லேட்டு."

"பாவம். உட்கார்ற இடம் ஏன் இப்படிக் குழிஞ்சு கிடக்கு?"

"அறுநூறு வருஷமா குடியானவங்க உட்கார்ந்து தேய்ஞ்சது மேடம்."

"கொஞ்சம் உட்காருங்க பார்ப்போம்."

ஆம்ப்ரோஸ் உட்கார்ந்தார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

"பரம்பரை உடம்புவாகு" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஹெஸ்டர் பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். கொத்தாக வந்தன பெப்பர்மின்ட் மிட்டாய்க் காகிதங்கள். "இது எந்த நூற்றாண்டு?"

"யாத்திரை வந்தவங்க வச்சிட்டுப் போன காணிக்கை. நாங்க யாரும் தொடுறதில்ல."

ஹெஸ்டர் காகிதங்களை எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இப்பேர்ப்பட்ட பொக்கிஷத்தைப் பெயர்க்க நான் சம்மதிக்கவே மாட்டேன்."

கிராமத்துப் பூசணிப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் போல ஆம்ப்ரோஸ் போதகரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஹெஸ்டர். "இதுமேல இனிமே ஒருத்தரும் உட்காரக் கூடாது. சுத்திக் கயிறு கட்டிடுங்க. டீ மேடையை மணிக்கூண்டுக்குக் கீழ வச்சுக்கலாம்."

"அப்ப நான் எங்க உட்கார்றது?"

"இவ்வளவு சரித்திரம் தெரிஞ்சவரைப் பின்னாடி உட்கார வைக்கலாமா? முதல் வரிசை. பிரசங்க பீடத்துக்கு நேர் கீழ. போதகரம்மா உங்க முகத்தைப் பார்த்தே பேசுவாங்க."

"வர்ற ஞாயிறு, பொய்ச்சாட்சி சொல்லாதேங்கிற கட்டளை" என்றார் பிலிப்பா கனிவாக. "கொஞ்சம் நீளமாத்தான் போகும் பெரியவரே."

ஹெஸ்டர் விடைபெற்று வெளியே வந்தார். அன்று காலை ஆம்ப்ரோஸ் மூச்சிரைக்க இழுத்துவந்து வாசல் சுவரோரம் வைத்திருந்த பூத்தொட்டியை மறுபடியும் காலால் மெல்ல நகர்த்தி, உள்ளே போகும்போது அதன் பின்னால் படித்த அடிக்கல்லை இன்னொரு முறை படித்தார்: 'இக்கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டு 1934.'