சும்மா கிடைத்த மின்சாரம்

"மீட்டரைப் பாரு, மீட்டரைப் பாரு! முள்ளு பன்னெண்டு வோல்ட்டைத் தாண்டிடுச்சு!" ஸ்டியரிங்கை விடாமலே துள்ளினார் வரலாற்று ஆசிரியர். கார் மேட்டுச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

பின்சக்கர அச்சில் பெல்ட் போட்டு, டிக்கிக்குள் ஒரு பழைய லாரி டைனமோவை உட்கார வைத்தது அவருடைய கைவண்ணம். சக்கரம் எப்படியும் சுற்றத்தான் போகிறது, அந்தச் சுற்றலில் கொஞ்சம் மின்சாரம் பிடித்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவர் கட்சி.

அவருடைய கண்டுபிடிப்புகளுக்கு வீட்டில் நல்ல பேர் கிடையாது. துணி உலர்த்தும் பெட்டி மாமனாரின் புதுச் சட்டையைக் கருக்கியது. தானாகப் பூட்டும் கதவு அவரையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டது.

"அன்னிக்கு ஜன்னல் வழியா உள்ள வந்தேன், திருடன்னு நெனச்சு துடைப்பத்தால வெளுத்தியே!" என்று அவரே சொல்லிச் சிரித்தார். "இந்தத் தடவை அப்படி இல்ல. எனக்கும் ஒரு நாள் விடியாதா?"

"விடியட்டும். வேலையை மட்டும் விட்டுடாதீங்க."

"திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிடப் போறேன். இத்தனை வருஷம் வரலாறு சொல்லிக்குடுத்தாச்சு. இனிமே படைக்க வேண்டியதுதான்."

கல்லூரியில் சேரப்போகிற மகளை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

முன்னால் போன பழைய வேன் கரும்புகை கக்கியது. "பாவம், உங்கண்ணன் வண்டி எப்படி மூச்சு வாங்குது பாரு! அடுத்தது அதுக்குத்தான் ஒண்ணு மாட்டிவிடணும்" என்றவர், மனைவியின் கையில் போனைக் கொடுத்து பள்ளியின் இயற்பியல் ஆசிரியரை ஸ்பீக்கரில் அழைக்கச் சொன்னார். 'எஞ்சின்கிட்ட திருடறதுக்குப் பேரு இலவசமா சார்?' என்று ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டு, மானத்தை வாங்கியவர் அவர்தான்.

"சார், மேடு ஏறிட்டிருக்கேன். ஃபேன் சுத்துது, ரேடியோ பாடுது, லைட் எரியுது. பெட்ரோல் முள்ளு இம்மிகூட நகரல!"

"அது எப்படி சார்? டைனமோ சுத்தணும்னா யாராவது பலம் குடுத்தாகணும். எஞ்சின் கூடுதலா உழைக்கும், பெட்ரோல் கூடுதலா போகும். சும்மா எதுவும் வராது."

"வருதே! சத்தியமா ஒரு சொட்டு செலவாகல. நான் முட்டாள்தான், ஒத்துக்கறேன். முள்ளு முட்டாள் இல்லியே?"

"எஞ்சின் சத்தமே கேக்கலையே சார்?"

"அவ்வளவு அமைதி சார்!"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"அப்படின்னா, நான் படிச்சதுதான் தப்பு போல சார்" என்றது மறுமுனையில் தளர்ந்த குரல். "திங்கட்கிழமை எல்லார் முன்னாலயும் ஒத்துக்கறேன்."

அவருக்கு நெஞ்சு விம்மியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் தன்னிடம் தோற்றிருக்கிறார்! மாலையோடு நிற்கும் தன் படம் செய்தித்தாளில் எந்தப் பக்கத்தில் வரும் என்பது வரைக்கும் மனசு ஓடிவிட்டது. முன்வழுக்கை தெரியாத கோணத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

மேட்டின் பாதியில் வேன் முக்கி முனகி நின்றது. காரும் நின்றது. பாடிக்கொண்டிருந்த ரேடியோ வாயை மூடிக்கொண்டது.

வேனிலிருந்து இறங்கிய மனைவியின் அண்ணன், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி வந்து ஜன்னலில் குனிந்தார். போன் இன்னும் மனைவியின் கையில், பேச்சு துண்டிக்கப்படாமலே இருந்தது.

"மாப்ள, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கீங்களா என்ன? எடுத்து விடுங்க... கயிறு கட்டி இழுக்கவே முடியல!"