ஈசானி மூலைக் கடை

வீரபாண்டிப் பிரிவில் பழைய ஓட்டுக்கடை வரிசைக்கு முன்னால் பொக்லைன் உறுமிக்கொண்டு நிற்கிறது. காலை வெயில் அதன் இரும்புப் பற்களில் மினுங்குகிறது. இடிக்கக் கூடாதென்று ஆறு மாதம் அலைந்த சலூன்கடை தங்கவேலு, கடைச் சுவரிலிருந்து கழற்றிய கண்ணாடியை நெஞ்சோடு அணைத்தபடி எதிர்ச்சாரியில் நிற்கிறார். சக்கரப் பட்டைக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சூடமும் காட்டியாயிற்று. மாலைதான் பொக்லைனின் அந்தப் பெரிய கைக்குப் பத்தவில்லை. இதற்காகவே காலிசெய்யாமல் விட்டுவைத்த தன் பூக்கடைக்குள் உட்கார்ந்து வேலாத்தாள் இன்னும் இரண்டு முழம் கட்டுகிறாள். இடத்தை வாங்கிய பனியன் கம்பெனி சென்னியப்பன் வெள்ளைச் சட்டை கசங்காமல் குனிகிறார்.

“இந்த வரிசைல எல்லாக் கடைத் தெறப்புக்கும் உங்க மாலைதானாமுங்க. ராசியான கைங்கக்கா. சித்தெ சுருக்காக் கட்டுங்க, நல்ல நேரம் போவுது. ஈசானி மூலைல உங்க கடைதான இருக்குது, அங்கிருந்துதானுங்க ஆரம்பிக்கோணும்.”

“இதா, ஆச்சுங்க.”

தாமதத்துக்குக் கூசியவள்போல் அவள் விரல்கள் ஓடுகின்றன. நாரை அறுத்து முடிச்சிடுகிறாள். எழுந்து வெளியே வருகிறாள். டிரைவர் பொக்லைன் கையைத் தாழ இறக்குகிறான். மாலையை அவளே பற்களுக்கு மேல் சுற்றிக் கட்டி, செம்புத் தண்ணீரைத் தெளிக்கிறாள்.

“பொழுது விழுகற வரைக்கும் வாடாதுங்க” என்கிறாள்.