முதுகுப் பக்கம்

"இங்க வந்து என்னைப் பாத்து நில்லு கண்ணு" என்றார் அர்த்தனாரி வாத்தியார்.

இருசாயி பின்சுவரை விட்டு நகரவில்லை.

மலைமேல் பைல் நாட்டின் அந்த ஓரறைப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. இந்த முறை பிள்ளைகளின் சித்திரத்தையும் பார்ப்பார் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சொம்பும் பூசணிக்காயும் வரையப் பழக்கியாயிற்று. வெளிச்சம் படும் பக்கம் எது, நிழல் விழும் பக்கம் எது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இன்றைக்கு ஆள் உருவம். முகம் கடினம் என்பதால் முதுகிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தார். ஒரு பிள்ளை வாத்தியாரைப் பார்த்து நின்றால், தரையில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் அதன் முதுகைப் பார்த்து வரையலாம்.

இருசாயியைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. எல்லாருக்கும் முந்தி வந்து சுவரில் சாய்ந்து உட்காருகிறவள் அவள். எல்லாரும் போன பிறகே எழுந்திருப்பாள். படிப்பில் இவ்வளவு அக்கறையுள்ள பிள்ளைக்கு ஒரு பெருமை கிடைக்கட்டும் என்று நினைத்தார்.

"வேண்டாமுங்க ஐயா."

"வான்னா வரோணும்."

பிரம்பால் மேசையைத் தட்டினார். அவள் சுவரோடு ஒட்டியபடியே பக்கவாட்டில் நகர்ந்து வந்தாள். மேசைக்கு எதிரே வந்ததும் வேறு வழியில்லாமல் அவரைப் பார்த்து நின்றாள். அப்பனின் பழைய காக்கிச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பித்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தாள்.

வகுப்பு சட்டென்று அடங்கிவிட்டது. அந்த அமைதி வாத்தியாருக்குப் பிடித்திருந்தது.

"உச்சியிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு கோடு. அதுக்கு ரெண்டு பக்கமும் உடம்பு. நீங்களா எதையும் சேக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியறதை மட்டும் போடுங்க."

சிலேட்டுகளில் பலப்பம் கீறும் சத்தம் எழுந்தது. நடுவில் யாரோ கிசுகிசுத்தார்கள். அது வரிசை வரிசையாகக் கடைசி வரை போயிற்று. அவர் நிமிர்ந்து பார்த்ததும் நின்றது.

இருசாயி தலை குனிந்திருந்தாள். நிமிரச் சொன்னார். நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. அடம் என்று நினைத்துக்கொண்டார்.

சிலேட்டுகளை வாங்கிப் பார்த்தார்.

செல்லமுத்துவின் சிலேட்டில் ஒரு பெண் நின்றாள். அவள் கூந்தல் முழங்கால் வரை வழிந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. இருசாயியின் முடி கழுத்தைத்தான் தொட்டது. போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு மழித்த தலை.

பொன்னாயியின் சிலேட்டிலும் நீளக் கூந்தல். மாரியின் சிலேட்டில் முதுகே தெரியவில்லை, பலப்பம் தேயத் தேய முடியாகவே இழுத்து வைத்திருந்தான். அதற்கடுத்ததும் அப்படியே.

சிரிப்பு போய்விட்டது.

"ஏண்டா செல்லமுத்து, இந்தப் புள்ளைக்கு இவ்வளவு முடி எங்கடா இருக்குது?"

செல்லமுத்து தரையைப் பார்த்தான்.

"ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் போட்டிருக்கீங்க. இத்தனை நாள் சொல்லிக் குடுத்ததெல்லாம் இதுக்குத்தானா? கையை நீட்டு."

நீட்டினான். அடுத்தவனும் நீட்டினான். வரிசையாக எல்லாரும் எழுந்து வந்து அடி வாங்கிக்கொண்டு போனார்கள். பொன்னாயி மட்டும் அடி வாங்கும்போது இருசாயியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள்.

கடைசிச் சிலேட்டு சிவகாமியுடையது. அவருடைய மகள். நாமக்கல்லிலிருந்து அவரோடு மலைக்கு வந்தவள். மற்ற பிள்ளைகளோடு இன்னும் சரியாகப் பழகவில்லை. அவள் காதில் யாரும் எதையும் கிசுகிசுத்திருக்கவில்லை.

பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. கழுத்தளவு முடி. தோளின் சரிவு சரியாக இருந்தது. இடது காலில் பாரம் கொடுத்து நிற்கும் நிலைகூட வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மேசைமேல் வைக்க வேண்டிய சிலேட்டு இதுதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. முதுகின் நடுவே மேலிருந்து கீழாகக் கோணலாக ஒரு கோடு. அதன் குறுக்கே சின்னச் சின்னக் கீற்றுகள்.

சிலேட்டை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"இது என்ன சாமி?"

சிவகாமி எழுந்து நின்றாள். வகுப்பில் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் பழக்கியிருந்தாரோ, அப்படித் தெளிவாக, உரக்கச் சொன்னாள்.

"முள்ளுங்கப்பா. சட்டை முதுகுல கிழிஞ்சிருக்குதல்லங்க, அது பிரியாம இருக்கக் குத்தியிருக்குது."

உயர்த்திய கை அப்படியே நின்றது.

எதிரே, ஒரு கை எட்டும் தூரத்தில், இருசாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரச் சொன்னது அவர்தான். அதனால் இன்னும் நிமிர்ந்தே இருந்தாள்.

உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலேயே துணிக்கு அலைகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சிலேட்டை மேசைமேல் கவிழ்த்தார். உட்காரச் சொல்ல வாயெடுத்தார். உட்கார வேண்டுமானால் அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடக்க வேண்டும்.

"எல்லாரும் ஊட்டுக்குப் போங்க" என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒருவரும் எழுந்த சத்தம் கேட்கவில்லை. பிறகு யாரோ நடந்து வந்தார்கள். ஓரக்கண்ணில் தெரிந்தது. பொன்னாயி இருசாயிக்குப் பின்னால் வந்து நெஞ்சு முதுகில் படும்படி ஒட்டி நின்றாள். இருவரும் ஒரே ஆள் போலக் காலெடுத்து வைத்து வாசலைத் தாண்டிப் போனார்கள். அதன் பிறகே மற்றவர்கள் எழுந்தார்கள். சிவந்த உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தபடி அவரைத் தாண்டிப் போனார்கள்.

சிவகாமி மட்டும் நின்றாள்.

"தப்பாப் போட்டுட்டனாங்கப்பா?"

அவர் சிலேட்டை எடுத்துக் கட்டைவிரலால் முட்களை அழித்தார். பிறகு அந்தக் கோட்டையும் அழித்தார்.

அழித்த இடம் வெள்ளையாகத் தேய்ந்து, கிழிசலைவிடப் பெரிதாகத் தெரிந்தது.